எந்தக் கைக்கு எந்த பேட்?

1952-ல் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. போட்டி நடந்த ஊர் பம்பாய். ஜப்பான் அணியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். பெயர் ஹிரோஜி சாதோ. அவர் பட்டம் வெல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மற்ற வீரர்களின் பேட்டில் பலகைமேல் குட்டி முளைகள் (பிம்பிள்ஸ்) உள்ள மெல்லிய ரப்பர் ஒட்டியிருந்தது. பந்து பட்டால் ‘டொக்’ என்று சத்தம் வரும். சாதோவின் பேட்டில் தடித்த ஸ்பாஞ்ச் இருந்தது. பந்து அதில் பட்டால் சத்தமே இல்லை. எதிராளி அடித்த சத்தத்தை வைத்தே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகிய ஐரோப்பிய ஜாம்பவான்களுக்குத் தாளம் தப்பியது. இறுதிப் போட்டியில் ஹங்கேரியின் யோசெப் கோட்சியானை வென்று சாதோ உலக சாம்பியன் ஆனார்.

அதன் பிறகு அவர் ஒருமுறைகூட அந்தப் பட்டத்தை வெல்லவில்லை. ஸ்பாஞ்ச் புதிதாக இருந்தவரைதான் அதற்கு அந்த மரியாதை. ஆனால் 1954-ல் லண்டனில் இன்னொரு ஜப்பானியர், இச்சிரோ ஒகிமுரா, ஸ்பாஞ்ச் பேட்டோடு வந்து பட்டத்தை வென்றார். 1956-ல் மறுபடியும் வென்றார். ஒகிமுராவிடம் ஸ்பாஞ்சுக்கு ஏற்ற வேகமான கால்களும், ஓயாத பயிற்சியில் உருவான ஃபோர்ஹேண்டும் இருந்தன. பிறகு 1959-ல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் பேட்டின் மேலுறைக்குத் தடிமன் வரம்பு விதித்தது. இன்று நாம் கையில் பிடிக்கும் பேட்டின் அடிப்படை அமைப்பு அந்த விதியிலிருந்து வந்ததுதான்.

பேட்டுக்கு ஏற்ற ஆட்டம் கையில் இருக்கிறதா என்பதில் சாதோவுக்கும் ஒகிமுராவுக்கும் இருந்த அந்த வித்தியாசம் இன்றைக்கு ஒவ்வொரு விளையாட்டுச் சாமான் கடையிலும் கேள்வியாக நிற்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் வாரம் இரண்டு நாள் ஆடுபவர், உலக சாம்பியன் வைத்திருக்கும் அதே பேட்டை வாங்கினால் ஆட்டம் முன்னேறுமா? பெரும்பாலும் முன்னேறாது, பின்னுக்குத்தான் போகும். காரணம் பேட்டின் தரத்தில் இல்லை. பேட் எதை எதிர்பார்க்கிறதோ அதைக் கை கொடுக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது.

ஆயிரத்தில் ஒரு நொடி

பந்தும் ரப்பரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. ஆட்டக்காரர் செய்ய வேண்டியது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த முடியாது.

மேஜையின் நீளம் 2.74 மீட்டர். எதிராளி அடித்த பந்து சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால், மேஜைக்குச் சற்றுப் பின்னால் நிற்பவரை எட்ட மூன்றரை மீட்டரைக் கடக்க கால் நொடிகூட ஆகாது. ஒரு வெளிச்சத்தைப் பார்த்து விரலை அசைக்கவே மனிதனுக்கு 0.2 நொடி ஆகும். கிளப் மட்டத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 0.35 நொடிதான். எதிராளியின் பேட் திரும்பும் கோணத்தைப் பார்த்து முன்கூட்டியே நகரும் பழக்கம் பயிற்சி பெற்ற வீரர்களுக்கு உண்டு. பொழுதுபோக்காக ஆடுபவருக்கு அது அரைகுறையாகத்தான் இருக்கும். எனவே அவர் பாதிப் பந்துகளைத் தாமதமாக, கோணம் சற்றுப் பிசகித்தான் அடிப்பார். அந்தப் பிசகை பேட் எவ்வளவு மன்னிக்கிறது என்பதே அவருக்கு முதல் தகுதி.

ஒரு எளிய கணக்கு பாருங்கள். மேஜையின் ஒரு முனைக்கு மேலிருந்து கிடைமட்டமாக அடித்த பந்து 2.05 மீட்டர் தூரத்தில், அதாவது எதிர்ப் பாதியின் நடுவில் விழுகிறது. காற்றுத் தடையையும் சுழற்சியையும் விட்டுவிட்டால், வேகம் பத்து சதவீதம் கூடும்போது பந்து 20 சென்டிமீட்டர் தள்ளி விழும். 35 சதவீதம் கூடினால் மேஜைக்கு வெளியே போய்விடும். ‘அதே ஷாட்தானே அடித்தேன், ஏன் வெளியே போகிறது?’ என்று புது பேட் வாங்கியவர்கள் முழிப்பது இதனால்தான்.

பலகையின் கதை

ரப்பரை உரித்துவிட்டால் மிஞ்சுவது பலகை. வீரர்கள் அதை பிளேடு என்பார்கள். நம் ஊர்க் கடைகளில் ‘பிளை’ என்றும் கேட்கலாம். விதிப்படி அதன் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். மெல்லிய மரத் தகடுகளை ஐந்து அல்லது ஏழு அடுக்காக ஒட்டிச் செய்கிறார்கள். நடுவில் ஆயூஸ், கிரி போன்ற லேசான மரம். வெளியே லிம்பா, கோட்டோ, ஹினோக்கி போன்ற மரங்கள். வெளி மரம் மாறினால் பந்து படும் உணர்வு மாறும். லிம்பா மென்மையாகத் தாங்கும். கோட்டோ விறைப்பாகத் தள்ளும்.

தடிமனில் சிறு வித்தியாசம்கூடப் பெரிய விளைவைத் தரும். ஒரே பொருளால் ஆன தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பது பொறியியல் விதி. 5.5 மில்லிமீட்டர் பலகையையும் 6 மில்லிமீட்டர் பலகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரமும் அடுக்கும் ஒன்றாக இருந்தால், இரண்டாவது ஏறக்குறைய 30 சதவீதம் அதிக விறைப்பு. விறைப்பான பலகை பந்தின் அடியில் குறைவாக வளையும். ஆற்றலை அதிர்வாக வீணாக்காமல் பந்துக்கே திருப்பிக் கொடுக்கும்.

இந்த விறைப்பைக் கூட்டத்தான் கார்பன் இழை நுழைந்தது. மரத் தகடுகளுக்கு நடுவே இழை அடுக்கு ஒன்றைச் சேர்க்கலாம். அது மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்தையோ 0.35 மில்லிமீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனத்தின் ‘விஸ்காரியா’ இந்த வகையில் புகழ்பெற்றது. கார்பனும் அரிலேட் இழையும் கலந்த அடுக்கு, அதன்மேல் கோட்டோ மரம். இன்று உலகத் தரவரிசையில் இருக்கும் பலர் இதையோ இதன் சாயலில் வந்த பலகைகளையோதான் பிடிக்கிறார்கள். கார்பன் இருந்தால் பேட்டின் ஓரத்தில் பட்ட பந்தும் ஓரளவு வேகத்தோடு போகும். அது லாபம். மெல்லத் தட்டி வலைக்கு அருகே போட நினைத்த பந்தும் எகிறிப் போகும். அது நஷ்டம். இழை அடுக்கு வெளி மரத்தின் அடியிலேயே இருந்தால் இந்த இரண்டு குணமும் கூடுதல். நடு மரத்தை ஒட்டி உள்ளே இருந்தால் மெதுவான அடியில் மரம்போலவும் பலமான அடியில் கார்பன்போலவும் நடந்துகொள்ளும்.

நான்கு மில்லிமீட்டருக்குள்

வழக்கமான ரப்பர் இரண்டு பகுதிகளால் ஆனது. மேலே பந்தைப் பிடிக்கும் ரப்பர் தாள். அதன் அடிப்பக்கம் குட்டிக் குட்டி முளைகள். அவை ஒரு ஸ்பாஞ்சின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். பசை உட்பட எல்லாம் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்பாஞ்ச் 1.5, 1.8, 2.0, 2.1 மில்லிமீட்டர் என்று பல தடிமன்களில் கிடைக்கும்.

பந்து மோதும்போது நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பந்து ரப்பருக்குள் அமுங்குகிறது, ஸ்பாஞ்ச் சுருங்குகிறது. அதே கணத்தில் பேட் மேல்நோக்கி உரசிப் போவதால் ரப்பர் தாள் பக்கவாட்டில் இழுபடுகிறது. அடியிலுள்ள முளைகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. பின்பு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஸ்பாஞ்ச் திரும்பியதில் வேகம் கிடைக்கிறது. முளைகள் திரும்பியதில் சுழற்சி கிடைக்கிறது. நல்ல வீரர்களின் டாப்ஸ்பின்னில், அதாவது முன்னோக்கிச் சுழலவைக்கும் அடியில், பந்து நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றும். அப்படிச் சுற்றும் பந்தைக் காற்று கீழ்நோக்கி வளைக்கிறது. மேக்னஸ் விளைவு என்று இயற்பியலில் படித்தது இதைத்தான். வேகமாக அடித்தும் பந்து மேஜைக்குள் விழுவதற்கு இந்த வளைவுதான் காரணம்.

இங்கேதான் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சீனாவின் டி.எச்.எஸ். நிறுவனத்தின் ‘ஹரிகேன் 3’ ரப்பர் சீன வீரர்களின் ஃபோர்ஹேண்டில் பல ஆண்டுகளாக இருப்பது. மேல் தாள் பிசுபிசுப்பாக இருக்கும். பேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பந்தை ஒட்டித் தூக்கிக் காட்டுவார்கள். ஸ்பாஞ்ச் மிகக் கடினம். முழு உடலையும் திருப்பி அடிக்கும் மா லாங் போன்றவர்களின் அடியில் அந்தக் கடின ஸ்பாஞ்ச் அமுங்கும். பயங்கரமான சுழற்சி பிறக்கும். கையை மட்டும் வீசி அடிப்பவருக்கு அது அமுங்கவே அமுங்காது. பந்து மேல் தாளில் பட்டுச் செத்ததுபோல் விழும், அல்லது வலையில் போய் மோதும். அதே கையில் நடுத்தரமான மென்மையுள்ள ரப்பரைக் கொடுத்தால், அரை வீச்சிலேயே ஸ்பாஞ்ச் வேலை செய்யத் தொடங்கிவிடும். சுழற்சி கூடுதலாகவே கிடைக்கும்.

மென்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ரொம்பவும் மென்மையான, மெல்லிய ஸ்பாஞ்சில் பலமாக அடித்தால் பந்து அடி வரை அமுங்கி மரத்தில் மோதும். அந்த ‘டக்’ சத்தம் காதிலேயே கேட்கும். அதற்குமேல் எவ்வளவு பலத்தைப் போட்டாலும் சுழற்சி கூடாது. அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கத் தொடங்கியவருக்குச் சற்றுக் கடினமான ஸ்பாஞ்சுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது.

உறைமேல் எழுதியிருக்கும் எண்களை நம்பி ஒப்பிடுவது வீண். சீன நிறுவனங்களின் 39 டிகிரி, ஜெர்மானிய ரப்பர்களின் 39 டிகிரியைவிட வெகு கடினம். பட்டர்ஃபிளைக்குத் தனி அளவுகோல். ‘வேகம் 95, சுழற்சி 98, கன்ட்ரோல் 90’ என்று அச்சிடுவதற்கும் பொதுவான அளவீட்டு முறை எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ரப்பர்களைத் தங்களுக்குள் ஒப்பிட மட்டுமே அவை உதவும்.

எடையை யாரும் கேட்பதில்லை

பலகை 80 முதல் 90 கிராம் இருக்கும். வெட்டி ஒட்டிய ஒரு ரப்பர், தடிமனையும் கடினத்தையும் பொறுத்து 35 முதல் 50 கிராமுக்கு மேலும் போகும். ஆகவே இரண்டு பேட்டுகள் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தும், ஒன்று 160 கிராமும் மற்றது 190 கிராமும் இருக்கலாம். முப்பது கிராம்தானே என்று தோன்றும். கூடிய எடை முழுவதும் ரப்பரில், அதாவது கைப்பிடிக்கு வெளியே, மணிக்கட்டிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சுழற்றும்போது தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அதன் பாரம் கூடும். ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு பேட்டைத் திருப்புவது தாமதமாகும். ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பின் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். கடைக்காரரிடம் தராசில் வைத்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைப்பிடியும் அப்படித்தான். அடியில் விரியும் ஃபிளேர்டு, ஒரே அகலமுள்ள ஸ்ட்ரெய்ட், உள்ளங்கை வடிவத்துக்குப் புடைத்த அனட்டாமிக் என்று மூன்று வகை பொதுவாகக் கிடைக்கும். பெரும்பாலோருக்கு ஃபிளேர்டு போதும். பேட்டைக் கைக்குள் சுழற்றிப் பக்கம் மாற்றி ஆடுபவர்கள் ஸ்ட்ரெய்ட்டை விரும்புவார்கள்.

யாருக்கு எது?

பத்து வயதுப் பிள்ளை கோச்சிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முதல் தேவை, கை எப்படி அசைந்ததோ அதற்கு நேரான பதிலைக் கொடுக்கும் பேட். தப்பாக அடித்தால் தப்பாகப் போக வேண்டும். சரியாக அடித்தால் சரியாக விழ வேண்டும். தானாகவே எகிறும் பேட்டில் பிள்ளை முழு வீச்சை வீசப் பயந்து, கையைச் சுருக்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். எனவே ஐந்து அடுக்கு மரப் பலகை, ஆல்ரவுண்டு வகை. இரண்டு பக்கமும் நடுத்தர மென்மையுள்ள ஒரே ரப்பர், 1.8 மில்லிமீட்டர், மொத்த எடை 160 கிராமுக்குள். சுவீடனின் ஸ்டிகா நிறுவனம் செய்யும் ‘ஆல்ரவுண்ட் கிளாசிக்’ இந்த இனத்தின் பழைய உதாரணம். 1960-களின் கடைசியில் வந்த பட்டர்ஃபிளையின் ‘ஸ்ரைவர்’, யசாகாவின் ‘மார்க் வி’ போன்ற ரப்பர்கள் பல தலைமுறைக்கு அடிப்படை கற்றுக்கொடுத்தவை.

அடுத்தவர், அலுவலக இடைவேளையிலோ வார இறுதியிலோ ஆடும் நாற்பது வயதுக்காரர். கல்லூரியில் ஆடியவர், புஷ்ஷும் பிளாக்கும் நன்றாக வரும், வாய்ப்புக் கிடைத்தால் ஃபோர்ஹேண்டில் ஒரு ஸ்மாஷ். இவருடைய புள்ளிகளில் பெரும்பகுதி எதிராளி தவறு செய்வதால் வருபவை. அதாவது பந்தை ஒருமுறை கூடுதலாக மேஜைக்குள் போட்டாலே ஜெயிப்பார். இவருக்கும் ஆல்ரவுண்டு அல்லது சற்றே வேகமான ஐந்து அடுக்குப் பலகைதான் பொருத்தம். ஃபோர்ஹேண்டில் 2.0, பேக்ஹேண்டில் 1.8 என்று ஸ்பாஞ்சில் வித்தியாசம் வைக்கலாம். நட்சத்திரக் குறியோடு தொங்கும் ரெடிமேட் பேட்டை விட்டுவிட்டுப் பலகை, ரப்பர் என்று தனித்தனியாக வாங்கி ஒட்டிக்கொள்வது நல்லது. ரப்பர் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பழகிய பலகை கையிலேயே இருக்கும்.

மூன்றாமவர் இருபது வயது இளைஞர். உலகப் போட்டிகளின் வீடியோவைப் பார்த்து ஊறியவர். விஸ்காரியாவும் ஹரிகேனும் வேண்டும் என்று நிற்பார். வாரம் ஐந்து நாள், பயிற்சியாளர் மேற்பார்வையில் ஆடுகிறார் என்றால் அந்தப் பாதையில் போகலாம், படிப்படியாக. முதலில் ஐந்து அடுக்கு வேகப் பலகை அல்லது ஏழு அடுக்கு மரப் பலகை. அதில் லூப் (பந்தை உரசிச் சுழற்சியேற்றும் அடி) பத்துக்கு எட்டு மேஜைக்குள் விழத் தொடங்கிய பிறகு, இழை அடுக்கு உள்ளே இருக்கும் கார்பன். சென்னையில் வளர்ந்த இந்திய வீரர்கள் சரத் கமலையும் சத்தியனையும் பாருங்கள். ஒரே ஊர், இருவரும் இரண்டு பக்கமும் வழுவழுப்பான ரப்பரோடு தாக்கி ஆடுபவர்கள். உயரமான சரத், மேஜையிலிருந்து சற்று விலகி நீண்ட கையால் ஃபோர்ஹேண்ட் அடிப்பதில் பேர் போனவர். சத்தியன் மேஜையை ஒட்டி நின்று, பந்து எழும்போதே அடித்து நேரத்தைக் குறைப்பவர். ஒருவருக்குப் பொருந்தும் பேட் மற்றவருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை.

லாங் பிம்பிள்ஸ் என்னும் விவகாரம்

அறுபதைத் தாண்டியவர்கள் பலருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கண் கணிப்பது சரியாகத்தான் இருக்கும். இவர்களுக்கு நீளமான பிம்பிள்ஸ் ரப்பர் ஒரு வரம். முளைகள் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்; நீளமாக, மெல்லியதாக இருக்கும். பந்து பட்டதும் நாற்றங்காலில் காற்றடித்த நாற்றுபோல் சாய்ந்துவிடும். வழுவழுப்பான ரப்பர் பந்தைப் பற்றி அதன் சுழற்சியை மாற்றுகிறது. இந்த முளைகள் பற்றுவதே இல்லை. எனவே பந்து தன் பழைய சுழற்சியோடேயே திரும்புகிறது. பயணத் திசை மட்டும் எதிராகிவிடுவதால், எதிராளி போட்ட டாப்ஸ்பின் அவருக்கே பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின்னாகத் திரும்பி வருகிறது. பழக்கப்பட்டபடி அடித்தால் பந்து வலையில் விழும்.

உலகம் முழுக்கத் தெரிந்த சாட்சி நி சியாலியன். 1963-ல் பிறந்தவர், 1983-ல் சீனாவுக்காக உலகப் பட்டம் வென்றவர், பிறகு லக்சம்பர்க்கில் குடியேறியவர். பேனா பிடிப்பதுபோல் பேட்டைப் பிடித்து, ஒரு பக்கம் லாங் பிம்பிள்ஸ் வைத்து ஆடுபவர். 61 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் ஒரு சுற்றில் வென்றார். அவர் ஆட்டத்தில் ஓட்டம் குறைவு. இடம் பார்த்துப் பந்தை வைப்பதும், எதிராளியின் சுழற்சியை அவருக்கே திருப்பிக் கொடுப்பதும்தான் அதிகம்.

இந்தியப் பெண்கள் இந்த வித்தையில் உலகையே திரும்பிப் பார்க்கவைத்தவர்கள். மணிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்து, வேண்டியபோது பேட்டைச் சுழற்றிப் பக்கம் மாற்றி ஆடி, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். சுழற்சியை ஏற்காத வழுக்கு ரப்பரான ‘ஆன்டி’ அய்ஹிகா முகர்ஜியின் ஆயுதம். 2024 பிப்ரவரியில் பூசான் உலக அணிகள் போட்டியில் அப்போதைய உலக முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை அவர் வென்றார். அந்த மோதலில் இந்திய அணி 2-3 என்று தோற்றாலும் சீனத்துக்கு வியர்த்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு லாங் பிம்பிள்ஸ் வாங்கி ஒட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுழற்சி இல்லாத பந்து வந்தால் இந்த ரப்பரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. விஷயம் தெரிந்த எதிராளி மெதுவான, வெறும் பந்தாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். சர்வீஸ் போட மறு பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். ஆகவே மறு பக்கம் நல்ல பிடிப்புள்ள ரப்பர், பலகை மெதுவான ரகம், லாங் பிம்பிள்ஸின் அடியில் ஸ்பாஞ்ச் மெல்லியது அல்லது இல்லவே இல்லாதது என்று முழுத் தொகுப்பாக யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு, அடிப்படை வீச்சு உறுதியாகும் முன், இதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மேஜையிலிருந்து விலகி நின்று சாப் செய்து, அதாவது பந்தைக் கீழ்நோக்கி வெட்டி, ஆடுபவர்களுக்கும் இதே ரப்பர்தான், வேறு தொகுப்பில். தென்கொரியாவின் ஜூ சே-ஹியுக் 2003 உலகப் போட்டியின் இறுதிவரை போனது இந்த ஆட்டத்தில்தான். அகலமான மெதுவான பலகை, பேக்ஹேண்டில் மெல்லிய ஸ்பாஞ்சோடு லாங் பிம்பிள்ஸ், ஃபோர்ஹேண்டில் தாக்குவதற்கு வேகமான ரப்பர். அழகான ஆட்டம். கால் வலு வேண்டும். கிளப் ஹவுஸ் அறையில் பின்னால் நகர இடமும் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்ததால், எந்த ரப்பரில் அடித்தார் என்றே தெரியாமல் தோற்றவர்கள் ஏராளம். 1980-களின் நடுவில் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் சிவப்பு என்ற விதி நிலைபெற்றது. 2021 அக்டோபரிலிருந்து சிவப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலமும் அனுமதி. கறுப்பு ஒரு பக்கம் கட்டாயம். ஆட்டத்துக்கு முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கும் உரிமை விதியிலேயே இருக்கிறது. கிளப் போட்டியிலும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த நிறம் பிம்பிள்ஸ் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்கள் ரப்பரில் சர்வதேச சம்மேளனத்தின் முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய பிறகு

ரப்பருக்கு எதிரி தூசியும் சூடும் எண்ணெய்ப் பசையும். ஆடி முடித்ததும் ஈரமான ஸ்பாஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளை ஒட்டி உறையில் வைத்தால் பிடிப்பு நீண்ட நாள் நிற்கும். வெயிலில் நிற்கும் காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ பேட்டை விட்டுப் போனால் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை: காற்றின் ஈரம் ரப்பர்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படியும். பிடிப்பு குறைந்து லூப் வலையில் விழும். பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவதற்கு முன், ஒரு பருத்தித் துணியால் ஆட்டத்துக்கு இடையே துடைத்துப் பாருங்கள்.

பசையிலும் கவனம் வேண்டும். ஆவியாகும் கரைப்பான் கலந்த ‘ஸ்பீடு குளூ’ ஒரு காலத்தில் ரப்பருக்குக் கூடுதல் வேகம் தந்தது. உடல்நலக் கேடு காரணமாக 2008 செப்டம்பரில் அது சர்வதேசப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. இன்று நீர் கலந்த பசைதான். ரப்பரை எண்ணெயில் ஊறவைத்து வேகமேற்றுவதும் விதிக்குப் புறம்பு.

பேட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் பந்தில் மிச்சம் பிடிப்பது விநோதம். பந்து 2000-ல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகப் பெரிதானது. 2014-ல் செல்லுலாய்டிலிருந்து வேறு பிளாஸ்டிக்குக்கு மாறியது. இரண்டு மாற்றமும் சுழற்சியைக் குறைத்தன. உருண்டை சரியில்லாத மலிவுப் பந்தில் எந்த பேட்டையும் மதிப்பிட முடியாது. மேஜையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தரமான பந்தை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். மேஜையின் எல்லா இடத்திலும் அதே அளவு. ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

புது பேட்டைச் சோதிக்கவும் அதே அளவு எளிய வழி உண்டு. பழைய பேட்டில் ஐம்பது ஃபோர்ஹேண்ட், ஐம்பது பிளாக், இருபது சர்வீஸ் ரிசீவ் செய்து, எத்தனை மேஜைக்குள் விழுந்தன என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் புதியதில் ஆடிய பிறகு அதையே செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், அடித்த ஒன்றிரண்டு ஷாட் எவ்வளவு அபாரமாக இருந்தாலும், அந்த பேட் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. பலகையையும் இரண்டு ரப்பரையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதல் பேட் வாங்கப் போகிறவர் இந்தச் சீட்டை எழுதிக்கொண்டு கடைக்குப் போகலாம்: ஐந்து அடுக்கு ஆல்ரவுண்டு மரப் பலகை, கார்பன் வேண்டாம், இரண்டு பக்கமும் நடுத்தர மென்மையுள்ள ரப்பர், 1.8 மில்லிமீட்டர், மொத்தம் 170 கிராமுக்கு மேல் வேண்டாம். உயர்ரக ஜப்பானிய ரப்பர் ஒரு தாளின் விலைக்குள்ளேயே இப்படி ஒரு முழு பேட்டை முடித்துவிடலாம். மிச்சப் பணத்துக்கு ஒரு டஜன் நல்ல பந்து வாங்குங்கள். ஒரு மாதக் கோச்சிங்குக்கும் சேர்ந்துகொள்ளுங்கள்.